பிரீமியம் கட்டும்வரைதான் அந்த 'ங்க': ஒரு காப்பீட்டுத் தரகு நிறுவனத்தோடு மூன்று ஆண்டு

கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது அந்தக் காப்பீட்டுத் தரகு நிறுவனம். மூன்று ஆண்டுகள் அவர்களுடைய வாடிக்கையாளராக இருந்தேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. சமரசம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், போட்ட கையெழுத்துக்கு மரியாதை வேண்டும். ஆனால் நடந்ததைச் சொல்லக்கூடாது என்று அந்தத் தாளில் எந்த வரியும் இல்லை. இந்த முறை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் ஒன்று. அதுவும் வரவேற்பறையில் கொடுத்த காபிக்கு.

காரணம்பேட்டைக்கும் சோமனூருக்கும் நடுவில் எங்கள் தோட்டம். கிணறு வற்றிய பிறகு அப்பா நான்கு விசைத்தறி போட்டார். நான் அதைப் பதினாறு ஆக்கினேன். கூலி நெசவுதான். இந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: கோவை, திருப்பூர் மாவட்டங்களில் பெரும்பாலான தறிகள் இப்படித்தான் ஓடுகின்றன. ஜவுளி உற்பத்தியாளர் பாவு பீமும் (நெடுக்கு நூல் சுற்றிய உருளை) குறுக்கே ஓடும் ஊடை நூல் மூட்டையும் சலான், அதாவது சரக்குச் சீட்டு, போட்டு அனுப்புவார். நாங்கள் சாயம் ஏற்றாத காடா துணியாக நெய்து திருப்பிக் கொடுப்போம். மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வரும். தறி என்னுடையது, கட்டடம் என்னுடையது, மின்சாரக் கட்டணம் என்னுடையது. தறியில் ஏறியிருக்கும் நூல் என்னுடையது அல்ல. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கதையும் அதில்தான் தொங்குகிறது.

2022 ஜூன் மாதம் அந்த நிறுவனத்திலிருந்து ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். தறிச் சத்தத்தில் அவன் பேசியது எதுவும் காதில் விழவில்லை, வாய் அசைவது மட்டும் தெரிந்தது. வெளியே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். ஏஜெண்ட் வேறு, புரோக்கர் வேறு என்று விளக்கினான். ஏஜெண்ட் காப்பீட்டுக் கம்பெனியின் ஆள். புரோக்கர் வாடிக்கையாளரின் ஆள். பல கம்பெனிகளில் விசாரித்து நமக்கு ஏற்றதைப் பிடித்துக் கொடுப்பார், நஷ்டம் வந்தால் நம் பக்கம் நின்று பேசுவார். தரகுப் பணத்தைக் கம்பெனியே கொடுத்துவிடும், நம் கையிலிருந்து தனியாக ஒரு ரூபாயும் போகாது. ஹைதராபாத்தில் இருக்கும் ஒழுங்குமுறை ஆணையம், ஐ.ஆர்.டி.ஏ.ஐ., கொடுத்த உரிமத்தின் நகலையும் காட்டினான். அவன் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. புரோக்கர் என்றால் சட்டப்படி அதுதான். அதனால்தான் பின்னால் எனக்கு அத்தனை கோபம் வந்தது.

அவனுடைய மரியாதையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் யாரோடு பேசினாலும் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' சேர்ப்பது வழக்கம். இந்தப் பையன் அதையும் தாண்டினான். "சரிங்க அண்ணா, ஆமாங்க அண்ணா" என்று, எனக்கே கூச்சமாகிவிட்டது. படிவத்தில் கீழே பென்சிலால் சிறு பெருக்கல் குறி போட்டிருந்த மூன்று இடங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டான். மேலே கட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தன. "விவரம் எல்லாம் ஆபீஸில் நிரப்பிக்கொள்வோம் அண்ணா" என்றான். காலிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது என் மடத்தனம். அதை மறைத்து இந்த விமர்சனத்தை எழுதினால் நானும் அவர்களைப் போன்றவன்தான்.

அன்றைக்கு இரவு படுத்தபோது ஒரு சந்தேகம் வந்தது. நூல் நம்முடையது இல்லையே, எரிந்துபோனால் யாருக்கு யார் கொடுப்பார்கள்? தறி ஓட்டுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கூடத்துக்குள் போனில் பேச முடியாது, அதனால் எதையும் எழுதி அனுப்புவோம். வாட்ஸ்அப்பில் அந்தப் பையனுக்கு எழுதினேன்: "தம்பி, கூடத்தில் இருக்கும் நூலும் துணியும் பார்ட்டியுடையது. கூலிக்கு நெய்கிறோம். அதற்கும் சேர்த்துப் பாலிசி போட வேண்டும். 6 லட்சம் போதும்." காலையில் இரண்டு நீலக் கோடு விழுந்திருந்தது. பதிலாக ஒரு கட்டைவிரல் படம். மஞ்சள் நிறக் கட்டைவிரல். நிம்மதியாகிவிட்டது.

கட்டடத்துக்கு 12 லட்சம், தறிகளுக்கு 14 லட்சம், சரக்குக்கு 6 லட்சம். சிறு தொழில்களுக்கென்று 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்னும் தீக்காப்பீட்டுப் பாலிசி. ஓரிடத்தில் மொத்தச் சொத்து 5 கோடிக்குள் இருப்பவர்களுக்கானது, நல்ல பாலிசி. சொத்தின் மதிப்பைவிடத் தொகையை 15 விழுக்காடு வரை குறைத்துப் போட்டிருந்தாலும் அதற்காக இழப்பீட்டில் பிடித்தம் செய்ய மாட்டார்கள். அந்த வகையில் பாலிசியைத் தேர்ந்தெடுத்ததில் குறை சொல்ல மாட்டேன். பிரீமியம் கட்டச் சொல்லி அன்று மாலைக்குள் நான்கு முறை போன் வந்தது. பணம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பொறுப்பு தொடங்கும் என்றார்கள். அதுவும் சட்டம்தான். கட்டினேன். மின்னஞ்சலில் 34 பக்கத்தில் ஆங்கிலப் பாலிசி வந்தது. திறந்து பார்த்தேன், என் பெயர் சரியாக இருந்தது, மூடிவிட்டேன். 2023லும் 2024லும் அதையே புதுப்பித்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு குரல் கூப்பிட்டது, ஒவ்வொரு முறையும் வேறு குரல்.

2024 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை, ஆடிப் பெருக்கு. தறிக்காரர்கள் பாதிப் பேர் பவானி கூடுதுறைக்குப் போய்விட்டார்கள். மத்தியானமே கூலி கொடுத்துத் தறியை நிறுத்திவிட்டோம். இரவு பதினோரு மணி இருக்கும், பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கத்திய சத்தத்தில்தான் எழுந்தேன். சுவிட்ச் போர்டில் பிடித்த தீ. தறிக்கூடத்தில் பஞ்சுத் தூசு படியாத இடம் கிடையாது. உத்தரத்தில், ஒயரில், மின்விளக்கின் மேல் எல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும். அதில் ஒரு பொறி விழுந்தால் கோடு கிழித்ததுபோல ஓடும். போதாததற்கு ஆடிக் காற்று. பல்லடத்திலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தது. நல்ல மனிதர்கள், அரை மணி நேரத்தில் அடக்கிவிட்டார்கள். நான்கு தறிகளும், மேலே சிமெண்ட் அட்டையில் மூன்றில் ஒரு பங்கும், வடக்குச் சுவரோரம் வைத்திருந்த நூலும் துணியும் போயின. யாருக்கும் அடி இல்லை. அம்மா மட்டும் வாசலில் உட்கார்ந்து தண்ணீர் வடிவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தரகு நிறுவனத்தை அழைத்தேன். அவசர உதவிக்கென்று பாலிசி உறையில் ஒரு எண் அச்சிட்டிருந்தார்கள். ஐந்தாவது முறை எடுத்தார்கள். பேசியவருக்கு என் பாலிசியைத் தேடிக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆனது. கண்டுபிடித்த பிறகு தெளிவாகவே சொன்னார்: "கம்பெனிக்கு நாங்கள் தகவல் சொல்லிவிடுகிறோம். இழப்பை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை எதையும் நகர்த்தாதீர்கள். ஒரு குச்சியைக்கூட எடுக்கக் கூடாது." சரி என்றேன். எடுக்கவில்லை.

திங்கள் யாரும் வரவில்லை. அழைத்தேன், "பிராசஸில் இருக்கிறது" என்றார்கள். செவ்வாய் சாரல் விழுந்தது. அட்டை போன இடம் வழியாகத் தண்ணீர் இறங்கி, எரியாத தறிகளின் மேலும் சொட்டியது. தார்ப்பாய் கட்டலாமா என்று கேட்க அழைத்தேன். போன் இசை பாடிக்கொண்டே இருந்தது. எதையும் நகர்த்தாதே என்றுதான் சொன்னார்கள், மூடாதே என்று சொல்லவில்லை என்று நானே முடிவு செய்து கட்டினேன். பன்னிரண்டு நல்ல தறிகள் மின்சாரம் இல்லாமல் நின்றன. தறிக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வேறு கூடத்துக்குப் போகட்டுமா என்று கண்ணால் கேட்டார்கள்.

புதன்கிழமை என் மகள் கல்லூரியிலிருந்து வந்தாள். பி.காம். படிக்கிறாள். பாலிசியின் முதல் பக்கத்தில் காப்பீட்டுக் கம்பெனியின் கட்டணமில்லா எண் இருப்பதைக் காட்டி, "அவர்களையே கேட்டால் என்ன அப்பா?" என்றாள். கேட்டேன். மறுமுனையில் ஒரு பெண் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தப் பாலிசியில் எந்த இழப்பும் பதிவாகவில்லை சார்."

நான்கு நாள். ஞாயிறு காலை ஏழு மணியிலிருந்து புதன் மாலை நான்கு மணிவரை. நான் சாம்பலுக்குக் காவல் இருந்தேன், அவர்கள் ஒரு மின்னஞ்சல் அனுப்பவில்லை. அந்தப் பெண்ணே பதிவு செய்து எண் கொடுத்தார். வியாழன் சர்வேயர் பேசினார், வெள்ளி காலை வந்து நின்றார். என்னால் இரண்டு நிமிடத்தில் முடிந்த காரியம் அது. நடுவில் ஒரு புரோக்கர் இல்லாதிருந்தால் திங்கட்கிழமையே முடிந்திருக்கும்.

சர்வேயரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். திருப்பூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கையில் அளவு நாடா, டார்ச், ஒரு ஸ்குரூ டிரைவர். காபி வேண்டாம், மோர் இருந்தால் போதும் என்றார். தறி ஒவ்வொன்றின் எண்ணையும் எழுதிக்கொண்டார். மோட்டார்களைக் கையால் சுற்றிப் பார்த்தார். எரிந்த பாவு பீம் ஒன்றின் முன் குத்தவைத்து உட்கார்ந்து, ஸ்குரூ டிரைவரால் மேல் சுற்றைக் கீறினார். கருகிய நூல் தோலாக உரிந்து வந்தது. அடுத்த சுற்று பழுப்பு, அதற்கடுத்தது இளமஞ்சள். இரண்டு விரற்கடை ஆழத்தில் நூல் வெள்ளை வெளேரென்று இருந்தது, ஒரு பொட்டுக்கூடப் படாமல். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "வெள்ளையாக இருந்தாலும் புகை வாடை ஏறிவிட்டது, இதை எவரும் வாங்க மாட்டார்கள்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முழு பீமையும் இழப்பாகவே எழுதினார். நியாயமான கை.

பிறகு சலான் கட்டைக் கேட்டார். கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டியவர் நான்காவது சலானில் நின்றார்.

"நூல் உங்களுடையது இல்லையா?"

"கூலி நெசவுங்க. பார்ட்டியுடைய நூல். அதற்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறது."

அவர் தன்னிடம் இருந்த பாலிசி நகலை எடுத்து ஒரு பக்கத்தைத் திருப்பி என் மகளிடம் நீட்டினார். அவள் படித்து எனக்குச் சொன்னாள். எவையெவை காப்பீட்டில் சேராது என்று ஒரு பட்டியல். தங்கக் கட்டி, பதிக்காத ரத்தினக் கற்கள், கலைப்பொருட்கள், கையெழுத்துப் பிரதிகள். அவற்றின் நடுவே, பிறருக்காக நம்பிக்கையின்பேரில் வைத்திருக்கும் சரக்கு. பாலிசியில் தனியாகக் குறிப்பிட்டிருந்தால் மட்டும் சேரும். என்னுடைய பாலிசியில் 'சரக்கு: 6 லட்சம்' என்று மட்டும் இருந்தது. குறிப்பு இல்லை. முப்பதாம் எண் ஊடை நூலை ரத்தினக் கல்லோடு ஒரே வரிசையில் உட்கார வைத்திருப்பதைப் பார்த்து, அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

சர்வேயர் மோரைக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "உங்களுக்குச் சொந்தச் சரக்கே இல்லை. அப்படியென்றால் மூன்று வருடமாக இந்த 6 லட்சத்துக்கு எதற்குப் பிரீமியம் கட்டினீர்கள் என்று உங்கள் புரோக்கரைக் கேளுங்கள்."

கேட்கத்தான் அடுத்த செவ்வாய் அவிநாசி சாலைக்குப் போனேன். பத்தரை மணிக்கு உட்கார்ந்தேன். குளிர்சாதனம், சுவரில் விருதுப் பலகைகள், மேசைமேல் சின்ன வெள்ளிப் பிள்ளையார், காபி இயந்திரம். காபி நன்றாக இருந்தது என்று முன்பே சொன்னேன். ஒன்றேகால் மணிக்கு ஒருவர் கூப்பிட்டார். என்னிடம் படிவம் வாங்கிய பையன் வேலையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது என்றார். "உங்கள் ரிலேஷன்ஷிப் மேனேஜர் இப்போது வேறு ஒருவர், அவர் இன்று விடுப்பு" என்றார். ரிலேஷன்ஷிப் என்றால் உறவு. எங்கள் ஊரில் உறவு என்றால் சீருக்கும் வர வேண்டும், எழவுக்கும் வர வேண்டும். என் கூடம் எரிந்து பத்து நாளாகிறது, உறவுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினேன். கட்டைவிரலைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "அது அவருடைய சொந்த எண், நிறுவனத்தின் எண் அல்ல" என்றார். அப்புறம், "பாலிசியில் என்ன இருக்கிறது என்று சரிபார்ப்பது வாடிக்கையாளரின் பொறுப்பு, அனுப்பிய மின்னஞ்சலிலேயே அப்படி எழுதியிருக்கிறோம்" என்றார். அண்ணா என்று ஒரு முறையும் சொல்லவில்லை. 'ங்க' என்ற எழுத்தே அந்த அறையில் கேட்கவில்லை. "நீங்கள் எழுத்துமூலமாகக் கொடுத்துவிட்டுப் போகலாம்." பேச்சில் மரியாதை குறைந்தது எனக்குப் பெரிதல்ல, தறிக்காரனுக்குச் சத்தம் பழகினது. ஆனால் அந்த மனிதர் நான் பேசியபோது ஒரு வார்த்தைகூட எழுதிக்கொள்ளவில்லை. பேனா மூடியே திறக்கவில்லை.

நான் கையெழுத்துப் போட்ட முன்மொழிவுப் படிவத்தின் நகலைக் கேட்டேன். அங்கே தரவில்லை. காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டபோது ஒரு வாரத்தில் அனுப்பினார்கள். இரண்டாம் பக்கத்தில் அந்தக் கேள்வி இருந்தது: பிறருடைய சரக்கு உங்கள் பொறுப்பில் இருக்கிறதா? பதில் கட்டத்தில் ஒரு கோடு. ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. நீல மையில் இடமிருந்து வலமாக ஒரு சின்னக் கோடு, கடைசியில் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டு. அடுத்த நான்கு கட்டங்களிலும் அதே கோடு, ஒரே வேகத்தில் இழுத்தது. அந்தப் பையன் எந்தக் கேள்வியையும் படிக்கவில்லை. பேனாவை வைத்து வரிசையாக இழுத்துக்கொண்டே போயிருக்கிறான். கீழே என் கையெழுத்து.

நவம்பரில் கணக்கு முடிந்தது. கட்டடமும் தறியும் சேர்த்து, கழிவு போக 2,46,000 ரூபாய் வந்தது. நூலுக்கும் துணிக்கும் 3,08,000 ரூபாய் இழப்பு என்று சர்வேயர் மதிப்பிட்டிருந்தார், பாலிசியில் சேராது என்று கம்பெனி கை விரித்தது. கம்பெனிமேல் எனக்கு வருத்தம் இல்லை. எழுதியதைப் படித்துச் செய்தார்கள். சோமனூரில் எனக்கு நூல் கொடுப்பவர் வயதானவர், அப்பா காலத்து ஆள். சலானை முன்னால் வைத்துக்கொண்டு, "தம்பி, உன் தலையில் கட்டவும் மனம் இல்லை, என் தலையில் போட்டுக்கொள்ளவும் முடியாது" என்றார். கூலியில் வாரம் 2,000 பிடித்துக்கொள்ளுங்கள் என்று நானே சொன்னேன்.

இதற்கு மேல் என் மகளின் வேலை. 2018ஆம் ஆண்டின் காப்பீட்டுத் தரகர் விதிமுறைகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாடிக்கையாளரின் தொழிலைத் தெரிந்துகொள்வதும், இழப்பீடு பெற உதவுவதும் தரகரின் வேலைகள் என்று அதில் வரிசைப்படுத்தியிருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது: தங்கள் கவனக்குறைவால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் வந்தால் ஈடுகட்டத் தரகு நிறுவனங்கள் தாங்களே ஒரு காப்பீடு எடுத்து வைத்திருக்க வேண்டும். அதைப் படித்தபோது, அவர்களுடைய பாலிசியிலாவது எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருப்பார்களா என்று யோசித்தேன்.

முதலில் தரகு நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் புகார். ஒரு மாதம் பதில் இல்லை. டிசம்பரில் ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்தில் பதிவு செய்தோம்; இணையம் வராதவர்கள் 155255 என்ற எண்ணில் கூப்பிட்டும் சொல்லலாம். அதன்பிறகு ஒரு வரி பதில் வந்தது, அதுவும் மேலே சொன்ன 'வாடிக்கையாளரின் பொறுப்பு'தான். ஜனவரியில் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு, அதாவது ஓம்பட்ஸ்மேனுக்கு, எழுதினோம். ஓம்பட்ஸ்மேன் என்றால் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். தனி உரிமையாளர், குறுந்தொழில் பாலிசிகளையும் அங்கே கொண்டுபோகலாம். 2021 திருத்தத்துக்குப் பிறகு புரோக்கர்மேலும் புகார் கொடுக்கலாம். 50 லட்சம் வரை கேட்கலாம், கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க முடியாது. கடைசியாகச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். அவர்களும் வைக்க முடியாது அல்லவா. பதில் வந்த ஓராண்டுக்குள் போய்விட வேண்டும், அது மட்டும் முக்கியம்.

விசாரணை காணொளியில் நடந்தது. 2025 மார்ச், ஏப்ரலில் கூலி உயர்வு கேட்டு எங்கள் பக்கத்துத் தறிகளெல்லாம் நின்றிருந்தன. வருமானம் இல்லாத நேரம்தான், ஆனால் ஊர் அமைதியாக இருந்தது. தறிக்கூடத்துக்கு உள்ளேயே உட்கார்ந்து பேச முடிந்தது. மகள் பக்கத்தில். தரகு நிறுவனத்தின் சார்பில் ஒரு பெரிய அதிகாரி வந்தார். கட்டைவிரல் அனுப்பிய எண் நிறுவனத்தின் எண் அல்ல என்று ஆரம்பித்தார். அந்தப் பையன் கொடுத்த முகவரி அட்டையை மகள் கேமராவுக்கு முன் பிடித்தாள். நிறுவனத்தின் முத்திரைக்குக் கீழே அதே எண். அப்பா காலத்துப் பழக்கம், எந்த அட்டையையும் நான் தூக்கிப்போடுவதில்லை. சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பேன். அதிகாரி சிறிது நேரம் பேசவில்லை. அவர் படம் உறைந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

இரு தரப்பும் சம்மதித்தால் சமரசம் செய்யலாம் என்றார் குறைதீர்ப்பாளர். அன்று மாலையே தரகு நிறுவனத்தின் முதலாளி எனக்குப் போன் செய்தார். மூன்று ஆண்டில் முதல் முறை. "ஏனுங்க, சௌக்கியங்களா?" என்று தொடங்கினார். 'ங்க' திரும்பி வந்துவிட்டது. நானும் 'ங்க' போட்டே பேசினேன், பழக்கதோஷம். கடைசியில் 2,10,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டேன். முழுத் தொகைக்கும் நின்றிருக்கலாம் என்று மகளுக்கு இன்னும் கோபம். அவள் சொல்வதும் சரியாக இருக்கலாம். தறி நின்றிருந்த மாதம் அது, கையில் வருவதை விட்டுவிட எனக்குத் தெம்பில்லை. மீதி 98,000 சனிக்கிழமைதோறும் கூலியில் கழிகிறது.

ஜூனில் பாலிசி முடிந்தது. இந்த முறை நடுவில் யாரும் வேண்டாம் என்று, வேறொரு காப்பீட்டுக் கம்பெனியின் கிளை அலுவலகத்துக்கு நானே போனேன். மின்விசிறி கிறீச்சிடும் பழைய கட்டடம், காபி இல்லை. மேசையில் இருந்த அம்மா படிவத்தைத் தந்ததும், பேனாவை வாங்கி ஒவ்வொரு கட்டத்தையும் நானே நிரப்பினேன். ஒரு மணி நேரம் ஆனது. பிறருடைய சரக்கு என்ற கேள்விக்கு 'ஆம், கூலி நெசவுக்கான நூலும் துணியும்' என்று கட்டத்துக்கு வெளியே போகிற அளவுக்கு எழுதினேன். அந்த அம்மா அதைப் பார்த்துத் தட்டச்சு செய்து, திரையைத் திருப்பிக் காட்டினார். என் மகளுக்குப் படம் எடுத்து அனுப்பி, சரி என்று பதில் வந்த பிறகுதான் தலையாட்டினேன்.

"இந்த வரியைச் சேர்த்ததற்கு எவ்வளவு கூடுதலாகும் அம்மா?"

அவருக்கு நான் கேட்டது முதலில் புரியவில்லை. "கூடுதலா? தொகை அதே 6 லட்சம்தானே. யாருடைய சரக்கு என்று எழுதுவதற்கு எதற்குங்க காசு?"